பாத்திரம் தேய்த்த தண்ணீர்

என் செல்ல மீனாட்சிக்கு ஆச்சி எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகும் அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ அழவில்லை. ஆனால் குரல் கம்மியிருந்தது. “கிருமியைப் பத்திப் படிக்கலாம்னு மைக்ரோபயாலஜி எடுத்தா, முதல் யூனிட்டே தண்ணி, கார்பன், மாவுச்சத்து, கொழுப்புன்னு போகுது ஆச்சி. எல்லாம் ப்ளஸ் ஒன்ல படிச்சதுதான். சீனியர் அக்கா நோட்ஸ் தந்திருக்காங்க, பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டுக்கிடுவேன்” என்றாய். ஏட்டி, 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தினவள் காதில் இதையா வந்து போடுவது? போனில் பதில் சொன்னால் ‘உம், உம்’ என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாடத்துக்கு முன்னால் ஒரு கேள்வி. ஒளிக்காமல் சொல்: ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறாய்? காலையில் நிரப்பிக்கொண்டு போகிற பாட்டில் சாயங்காலம் பாதிகூடக் குறையாமல் திரும்பி வருகிறதாம், உன் அம்மா சொன்னாள். காரணம் எனக்குத் தெரியும். கழிப்பறை தூரம், போனாலும் சுத்தமில்லை, வகுப்பு நடுவில் எழுந்து கேட்கக் கூச்சம். ஆகவே தண்ணீரே வேண்டாம். நான் பாடம் நடத்தின காலத்திலும் பெண்பிள்ளைகள் இதையேதான் செய்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக பெஞ்சிலேயே சுருண்டு விழுந்ததும், ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. கூச்சத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போடு. நடு வகுப்பானாலும் எழுந்து கேட்டுவிட்டுப் போ. உன் செல் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான் மக்ளே. மற்ற சரக்கெல்லாம் அந்தத் தண்ணீருக்குள் கிடந்துதான் வேலை செய்கிறது.

குறுக்குத்துறைப் படித்துறை ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஆறு வயது. கோயில் ஓரம் தேங்கிக் கிடந்த ஆற்றுத் தண்ணீர் மேல் நீளக்கால் பூச்சி ஒன்று ஓடினதைப் பார்த்துவிட்டு, “அது ஏன் முங்கல?” என்று தாத்தாவைப் பிடித்துக்கொண்டாய். “அதுக்குக் கனமில்லட்டி” என்றார். நீ விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் தையல் ஊசியை எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் படுக்கவைத்துப் பார்த்தாய். நாலு தடவை முங்கிற்று, அஞ்சாம் தடவை மிதந்தது. அதோடு விட்டாயா? சோப்பு ஒட்டின விரலால் தண்ணீரைத் தொட்டாய், ஊசி சட்டென்று அடிக்குப் போய்விட்டது. உன்னால்தான் ஊசி செத்துப்போயிற்று என்று அப்படி ஓர் அழுகை! அன்றைக்கு நீ ‘படிச்ச கதை’ என்று சொல்லவில்லை.

அந்த ஊசியைத் தாங்கினது எது என்று இப்போது சொல்கிறேன். நடுவில் ஓர் ஆக்சிஜன், இரண்டு பக்கமும் ஹைட்ரஜன், அவை நேர்கோட்டில் இல்லாமல் 104.5 டிகிரிக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இது உன் நோட்ஸிலும் இருக்கும். ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. அதனால் அந்தப் பக்கம் லேசாக எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின். ஒரு மூலக்கூற்றின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூற்றின் ஆக்சிஜன் மேல் சாய்ந்துகொள்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்புக்கு, மூலக்கூற்றுக்குள்ளே இருக்கிற உறுதியான பிணைப்பில் இருபதில் ஒரு பங்கு பலம்தான். ஆயுளோ, ஒரு வினாடியை லட்சம் கோடிக் கூறு போட்டால் அதில் ஒன்றிரண்டு கூறு. அறுந்த கையோடே பக்கத்து மூலக்கூற்றைப் பிடித்துக்கொள்ளும். கோலாட்டத்தில் ஒருத்தியோடு கோல் தட்டிவிட்டு அடுத்தவளிடம் போகிறோமே, அந்த மாதிரி. ஒரு தட்டலுக்கு என்ன பலம்? ஆனால் ஆட்டம் கலைவதில்லை. அதுதான் உன் ஊசியைத் தாங்கிற்று.

அந்த ஆட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? லேபில் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம், மற்றபடி தண்ணீருக்குத் தங்கச்சி மாதிரி. அதன் மூலக்கூற்று எடை 34, தண்ணீருக்கு 18. கனமானதுதானே லேசில் கொதிக்கக்கூடாது? அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. தண்ணீர் 100 டிகிரி வரைக்கும் தாங்குகிறது, கைகோத்திருப்பதால். அந்தக் கைகளை விடுவிக்கத்தான் அவ்வளவு சூடு வேண்டியிருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 1 கலோரி போதும். அதே ஒரு கிராம் வியர்வையாக உன் தோலிலிருந்து ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். அதை உன் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது. சித்திரை வெயிலில் போகிறவர் வருகிறவருக்கென்று தாத்தா திண்ணையில் வைத்த மண்பானையும் இதே கணக்கில்தான் குளிர்ந்தது. பானை வியர்த்தது, உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

நீ தண்ணீர் குடிக்காத நாளில் மூத்திரம் மஞ்சளாக, கடுத்துக்கொண்டு போகும். அதில் யூரியா இருக்கிறது. தாத்தா வயலுக்கு மூட்டையில் வாங்கிப் போட்டாரே, அதே யூரியாதான், நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். உயிருள்ள உடம்பில் மட்டும்தான் இப்படிப்பட்ட பொருள் உண்டாகும், அதற்கு ஏதோ உயிர்ச்சக்தி வேண்டும் என்று பெரிய பெரிய படிப்பாளிகளே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1828இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் வோலர் என்றொருவர் அம்மோனியம் சயனேட் தயாரிக்கப் போனார். வந்ததோ வேறு ஏதோ வெள்ளைப் படிகம். பக்கத்தில் மூத்திரத்தில் எடுத்த யூரியாவை வைத்துச் சோதித்தால் இரண்டும் ஒன்றே. சிறுநீரகம் இல்லாமல், மனிதனும் வேண்டாம் நாயும் வேண்டாம், என்னால் யூரியா செய்ய முடிகிறது என்று ஸ்வீடனில் இருந்த தன் குரு பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். பழைய நம்பிக்கை ஒரே நாளில் போய்விடவில்லை. அன்றைக்குக் கதவு திறந்தது, அவ்வளவுதான். உடம்புக்குள்ளே நடப்பதும் வெளியே நடப்பதும் ஒரே வேதியியல் என்பதன் மேல்தான் உன் மைக்ரோபயாலஜியே நிற்கிறது. அதை எப்படியம்மா ஒரே ராத்திரியில் உருப்போடுவாய்?

அந்த வேதியியலின் நடுவில் நிற்பது கார்பன். அதற்கு நாலு கை. நாலு கையும் யாரையும் பிடிக்கும், இன்னொரு கார்பனையும் விடாமல் பிடிக்கும். அதனால் சங்கிலியாகப் போகும், கிளைவிடும், வளையமாகச் சுற்றிக்கொள்ளும். தனிம அட்டவணையில் அதற்கு நேர் கீழே இருக்கிற சிலிக்கானுக்கும் நாலு கைதான். ஆனால் அது ஆக்சிஜனைக் கண்டால் விடாது, பிடித்து இறுகி மணலாகிவிடும். கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் காற்றாகிறது, தண்ணீரில் கரைகிறது, மூச்சில் வெளியே போகிறது. ஆற்று மணலை யாராவது மூச்சாக விட முடியுமா?

கார்பனை நீ நேரில் பார்த்திருக்கிறாய். போன தீபாவளிக்குக் கடலை மிட்டாய் கிண்டுகிறேன் என்று பாகை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலில் போய் யாரோடோ பேசிக்கொண்டு நின்றாயே! முதலில் நுரைத்தது, பிறகு ஆவி, பிறகு புகை, கடைசியில் இருப்புச்சட்டியின் அடியில் கன்னங்கரேலென்று ஒரு கட்டி. தண்ணீராகப் போக வேண்டியது போன பிறகு மிஞ்சின கரி அது. கார்போஹைட்ரேட் என்ற பெயரே கார்பனையும் தண்ணீரையும் சேர்த்து வைத்ததுதான்.

நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவள் நீ, இதையும் கேள். அரிசியில் இருக்கிற மாவுச்சத்தும் குளுக்கோஸ் கோத்த சரம். வைக்கோலில் இருக்கிற செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சரம். ஒரே செடி, ஒரே மணி. கோத்த விதம்தான் வேறு. மாவுச்சத்தில் மணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்காரும், சரம் சுருண்டுகொள்ளும். நம் எச்சிலில் இருக்கிற நொதி அதை நறுக்கிவிடும். வெறுஞ்சோற்றை வாயில் போட்டு நிதானமாக மென்றால் கொஞ்ச நேரத்தில் தித்திக்கிறது அதனால்தான் (நீ மெல்வதே கிடையாது, அள்ளிப் போட்டு முழுங்குகிறாய்). செல்லுலோஸில் ஒரு மணி நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் இருக்கும். சரம் நேராக நிற்கும், பக்கத்துச் சரத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஆயிரம் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நம்மால் அதைத் தொட முடியாது. மாட்டாலும் முடியாது. அதன் வயிற்றுக்குள் குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் உடைத்துக் கொடுக்கின்றன. நீ கிருமியைத் தேடித்தானே போனாய்? வைக்கோலைப் பாலாக்குகிற கிருமியின் கதை இந்த ‘போர் அடிக்கிற’ யூனிட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கருகின சட்டியை யார் தேய்த்தது? நான்தான். அங்கணத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்க்கும்போது தண்ணீர் மேல் எண்ணெய் மினுமினுவென்று படர்ந்து நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருத்தி ஞாபகம் வரும். ஆக்னஸ் பாக்கல்ஸ். 1862இல் பிறந்தவர், ஜெர்மனியில் பிரான்ஷ்வைக் ஊரில் இருந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். தம்பி இயற்பியல் படிக்கப் போனான், அக்கா நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு படர்ந்தால் மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று கவனித்தார். கவனித்ததோடு விடாமல் ஒரு தகரத் தொட்டி செய்தார். தண்ணீர் மேல் ஒரு பட்டையைக் குறுக்கே வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, படலம் பரவும் இடத்தைக் கூட்டிக் குறைத்தார். ஒரு சின்ன வட்டத் தகட்டைத் தண்ணீரிலிருந்து மேலே இழுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று தராசில் அளந்தார். பத்து வருஷம் போல, வீட்டு வேலைக்கு நடுவில், எழுதி எழுதி வைத்தார்.

இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற விஞ்ஞானியும் அதே விஷயத்தை ஆராய்கிறார் என்று தெரியவந்ததும் 1891 ஜனவரியில் அவருக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதினார். ராலேயின் மனைவி அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். ராலே தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சிபாரிசு செய்து அனுப்ப, அந்த மார்ச்சிலேயே ‘நேச்சர்’ பத்திரிகையில் கடிதம் வந்தது. அந்தத் தொட்டியை மேலும் செம்மைப்படுத்தின இர்விங் லாங்மியருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்கல்ஸுக்கு அதே வருஷம் அவர் ஊர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அவருக்கு அப்போது 70 வயது. இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் உறுத்தும்.

இதில் உன் செல் எங்கே வந்தது என்று கேட்பாய். 1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டெல் என்ற இரண்டு பேர் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, அந்தமாதிரித் தொட்டித் தண்ணீரில்தான் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பு எவ்வளவோ, அதைப் போல இரண்டு மடங்கு இடத்துக்குப் படலம் பரவிற்று. அப்படியென்றால் செல்லைச் சுற்றிக் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது! அவர்கள் கொழுப்பை முழுக்கப் பிரித்தெடுக்கவுமில்லை, அணுவின் பரப்பையும் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டி விடை சரியாக வந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. பரீட்சையில் நீ இதை முயற்சி செய்யாதே.

அந்தக் கொழுப்பு மூலக்கூற்றுக்குத் தலை தண்ணீரை விரும்பும், வால் தண்ணீரை ஒதுக்கும். உண்மையில் வாலுக்குத் தண்ணீர் மேல் பகை ஒன்றுமில்லை. தண்ணீர் தனக்குள் கைகோத்து ஆடுவதை விட மனசில்லாமல் வாலை ஓரங்கட்டுகிறது. ஒதுக்கப்பட்ட வால்களெல்லாம் உள்பக்கம் திரும்பி ஒன்றையொன்று பார்க்க, தலைகள் வெளியே நிற்க, சவ்வு தானாகவே உண்டாகிவிடுகிறது. யாரும் பசை போட்டு ஒட்டவில்லை. கொரோனா காலத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி உயிரை வாங்கினேனே, அந்தக் கிருமியின் கொழுப்பு உறை சோப்பில் பிய்ந்துபோவதும், உன் ஊசி முங்கினதும் ஒரே குடும்பத்து விஷயம்.

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று போகிறபோக்கில் சொன்னாய். முதலில் பல் டாக்டரிடம் போ. பிறகு இதைப் படி. ஈறும் தோலும் எலும்பும் கொலாஜன் என்ற புரதத்தால் கட்டினவை. நம் உடம்புப் புரதத்தில் கால்வாசிக்குக் குறையாமல் அதுதான். அதன் உருவத்தைக் கண்டது நம் சென்னையில். 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் 30 வயது வாக்கில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். இங்கே வந்திருந்த பிரிட்டன் விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். பக்கத்திலேயே அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே. கங்காரு வாலின் தசைநாணை வைத்தும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். 1954, 1955 வருஷங்களில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள்: மூன்று சங்கிலி ஒன்றையொன்று சுற்றின முப்புரிக் கயிறு அது. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்தான் இருக்கும். கயிற்றின் நடுவில் அவ்வளவுதான் இடம். பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் மட்டும் வைத்திருக்கிற கிளைசினைத் தவிர வேறு எதுவும் அங்கே நுழையாது. எலும்புக் கொலாஜனில் ஒரே ஓர் இடத்தில் கிளைசின் மாறிப்போனாலும் எலும்பு லேசில் முறிகிற நோயோடு குழந்தை பிறக்கலாம்.

அந்தக் கயிறு உடம்புச் சூட்டில் பிரியாமல் இருக்கப் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும். அதைச் செய்கிற நொதிக்கு வைட்டமின் சி துணை வேண்டும். அது கிடைக்காமல் போனால் புரி தளர்ந்து, ஈறு கசியும். ஆச்சி தினமும் ஒரு நெல்லிக்காய் தின்னச் சொன்னது எதற்கென்று இப்போதாவது தெரிகிறதா? ராமச்சந்திரன் அதோடு நிற்கவில்லை. ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இருவரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று 1963இல் ஒரு படம் போட்டார். இன்றைக்கும் உலகத்தில் எங்கே புதுப் புரதத்தின் உருவத்தைக் கண்டாலும் சரிபார்க்க அந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள். உன் யூனிட்டில் அது ஒரு வரியாக வரும். அந்த வரியில் கொஞ்சம் நில்.

டி.என்.ஏ. பற்றி நீயே நிறையப் படிப்பாய், நான் இழுக்கவில்லை. ஒன்று மட்டும். அடினினும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்கின்றன, குவானினும் சைட்டோசினும் மூன்றால். ஊசியைத் தாங்கின அதே லேசில் அறுந்துபோகிற பிணைப்பு. அது உறுதியாக இருந்திருந்தால் இழைகளைப் பிரித்துப் படிக்கவே முடியாது. வேண்டியபோது பிரிந்து வேண்டியபோது சேர்கிற மாதிரி இருப்பதால்தான் நான் உன் அம்மாவானேன், அவள் நீயானாள்.

புதன்கிழமை உன் மாமா கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் ஒரு கிலோ நெல்லிக்காயும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களும் இருக்கும். ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்த்துத் தீர்த்துவிடாதே, ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வை. மார்கழி பிறக்கட்டும். தேங்காய் எண்ணெய் எந்தத் தேதி, காலை எத்தனை மணிக்கு வெள்ளையாக உறைந்திருந்தது, நல்லெண்ணெய் அப்போது எப்படி இருந்தது என்று எழுது. கொழுப்பு அமிலத்தின் வால் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பதில்தான் விஷயம். மீதியை நீயே யோசித்து எழுது. குளிர் வந்தால் கிருமிகள் தங்கள் சவ்வுக்கு என்ன செய்துகொள்கின்றன என்று உங்கள் மேடத்திடம் கேட்டுப் பார். இங்கே அடுக்களை ஜன்னலில் நானும் இரண்டு பாட்டில் வைத்துவிட்டேன்.

பையில் ஒரு நீளநோட்டும் இருக்கும். தாத்தாவுடையது. முன்பக்கங்களில் ஐப்பசி மழைக் கணக்கு எழுதியிருப்பார். அதைக் கிழிக்காமல், அடுத்த வெள்ளைப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பி.

உன்
ஆச்சி